கிளர்ச்சிக் காலச் செப்புத்தகட்டு நகர வரைபடங்கள்: வன்னியில் வைத்திருப்பவர்களுக்கு அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய நகர வரைபடம் ஒன்று கைக்கு வந்ததும் பலர் தலைப்பில் உள்ள ஆண்டைப் பார்த்து வயதை முடிவு செய்கிறார்கள். அடுத்த நாளே கடைக்குக் கொண்டுபோய் லமினேற் பண்ணிவிடுகிறார்கள். தலைப்பில் உள்ள ஆண்டு பெரும்பாலும் முழு உண்மையைச் சொல்வதில்லை. லமினேற் பண்ணிய தாளை மீட்கவும் முடிவதில்லை. தாளை எப்படிப் பார்ப்பது, எப்படி வாசிப்பது, வன்னியின் வெயிலிலும் மாரியிலும் எப்படிக் காப்பது என்பவை இங்கே உள்ளன.

எந்த வகை வரைபடங்களைப் பற்றிப் பேசுகிறோம்?

செப்புத்தகட்டில் கையால் செதுக்கி, மை பூசி, உருளை அழுத்தியில் அச்சிட்ட படங்கள். 1600களிலிருந்து 1820கள் வரை ஐரோப்பாவில் அச்சான நகரப் படங்களில் பெரும்பகுதி இந்த வகைதான். குடியேற்ற ஆட்சிக்கு எதிரான கிளர்ச்சி நடந்த காலத்தில் இவற்றுக்குச் சந்தை சூடாக இருந்தது. அமெரிக்கப் புரட்சியின்போது லண்டனில் வில்லியம் பேடன் பல படங்களை வெளியிட்டார். 1777 இல் அவர் வெளியிட்ட பொஸ்ரன் நகரப் படம் லெப்டினன்ட் பேஜ் என்ற பொறியியற் படை அதிகாரியின் அவதானிப்புகளிலிருந்து செய்யப்பட்டது. 1775 இல் பிரித்தானியப் படை அமைத்த அகழிகளும் பீரங்கி மேடைகளும் அதில் உண்டு. பேர்னாட் ராட்சரின் நியூயோர்க் படமும் இதே குடும்பம்.

நம் பக்கத்தில் 1672 இல் அம்ஸ்ரர்டாமில் வெளிவந்த பிலிப்பு பால்தேயுவின் நூலில் உள்ள யாழ்ப்பாணப் படங்கள், 1681 இல் லண்டனில் வந்த ரொபேர்ட் நொக்ஸின் இலங்கைப் படம், 1726 இல் வந்த வலன்டைனின் படம், வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் பிரித்தானியருக்கு எதிராகப் போரிட்ட 1803 ஆம் ஆண்டிலேயே அச்சான பெர்சிவலின் நூற்படம் ஆகியவை அடிக்கடி அகப்படுபவை. கீழே சொல்லப்படும் சோதனைகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

வீட்டு றங்குப்பெட்டியில் பொஸ்ரன் நகரப் படம் இருக்கிறது. அது எப்படி இங்கே வந்திருக்கும்?

இரண்டு வழிகளை முதலில் நினைக்கலாம். அமெரிக்க மிஷன் 1816 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. அதை அனுப்பிய சபையின் தலைமையகம் பொஸ்ரனில் இருந்தது. அந்த ஊர்ப் புத்தகங்களும் தாள்களும் வடக்குக்கு வந்துசேர அதுவே போதுமான காரணம். மற்றது, புலம்பெயர்ந்த உறவினர் அன்பளிப்பாகக் கொண்டுவந்தது. 1976 இல் அமெரிக்கா தன் 200 ஆவது ஆண்டைக் கொண்டாடியபோது புரட்சிக்காலத் தாள்களின் பிரதிகள் ஏராளமாக விற்கப்பட்டன. மஞ்சள் பூசி, சுருக்கம் விழவைத்து, பழைய தோல்தாள் போலத் தோன்றச் செய்த பிரதிகள் அவற்றில் நிறைய. கையில் எடுத்தால் மொறுமொறுவென்று சத்தமிடும், முன்னும் பின்னும் ஒரே அளவு பழுப்பாக இருக்கும் தாள் என்றால் பெரும்பாலும் இந்த இரண்டாம் வழிதான். குடும்பக் கதை எதுவாக இருந்தாலும் தாளைச் சோதித்த பிறகே முடிவுக்கு வாருங்கள்.

உண்மையான செப்புத்தகட்டு அச்சா, பிற்காலப் பிரதியா என்று வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

தேவையானவை: பத்து மடங்கு பெருக்கும் பூதக்கண்ணாடி, ஒரு ரோச் லைற், கடைக்காரர் நோட்டுச் சோதிக்கும் ஊதா விளக்கு, அளவுகோல். கையைக் கழுவி நன்றாக உலர்த்துங்கள். மேசையில் வெள்ளைத் தாள் விரித்து, அதன்மேல் படத்தை வையுங்கள்.

முதலில் கோடு. பூதக்கண்ணாடியை ஓர் எழுத்தின்மேலோ கரையோரக் கோட்டின்மேலோ வையுங்கள். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் பூப்போலக் கூடியிருந்தால் அது ஒப்செற் அச்சு, 20 ஆம் நூற்றாண்டுப் பிரதி. அத்தோடு சோதனையை நிறுத்திவிடலாம். புள்ளி இல்லாமல் கோடு முழுமையாக இருந்தால் அதன் நுனியைப் பாருங்கள். செதுக்குளி தகட்டுக்குள் இறங்கி, உழுது, மேலே ஏறி வெளியேறுவதால் செதுக்கற் கோட்டின் நுனி ஊசிபோல மெலிந்து முடியும். கல்லில் வரைந்து அச்சிடும் கல்லச்சில் நுனி மழுங்கியிருக்கும்.

அடுத்தது மையின் உயரம். அறையை இருட்டாக்கி, ரோச் லைற்றைத் தாளின் மட்டத்துக்குத் தாழ்த்தி, பக்கவாட்டில் ஒளியைப் பாய்ச்சுங்கள். தகட்டின் பள்ளத்தில் கிடந்த மையை ஈரத்தாள் இழுத்து எடுத்திருப்பதால், தடித்த கோடுகளில் மை தாளுக்கு மேலே திரண்டு நிற்கும். தலைப்பின் பெரிய எழுத்துகளில் இது தெளிவாகத் தெரியும். கல்லச்சிலும் ஒப்செற்றிலும் மை தட்டையாகக் கிடக்கும். பிரதி செய்பவர்களால் எளிதில் போலியாக்க முடியாத அடையாளம் இதுதான். ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

பிறகு தகட்டுத் தடம். அழுத்தியின் கனத்தில் தகட்டின் விளிம்பு தாளில் ஒரு செவ்வகப் பள்ளமாகப் பதியும். படச் சட்டகத்துக்கு வெளியே சில மில்லிமீற்றரில் அது ஓடும். தாளைப் புரட்டினால் பின்பக்கத்திலும் தெரியும். இதை மட்டும் நம்ப வேண்டாம். வெறும் தகட்டை வைத்து அழுத்தி, ஒப்செற் பிரதியிலும் இந்தத் தடத்தை உண்டாக்குகிறார்கள்.

கடைசியாகத் தாள். ஒளிக்கு எதிரே பிடியுங்கள். நெருக்கமான மெல்லிய கோடுகளும், அவற்றுக்குக் குறுக்கே ஏறத்தாழ 25 மில்லிமீற்றர் இடைவெளியில் தடித்த கோடுகளும் தெரிந்தால் அது கம்பிச் சல்லடையில் வார்த்த கைத்தாள். கோடே இல்லாத சீரான தாள் இங்கிலாந்தில் 1757 அளவில்தான் அறிமுகமாகி, 1790களில் பரவியது. ஆகவே 1672 ஆம் ஆண்டுப் பால்தேயு படம் கோடில்லாத சீர்த்தாளில் இருந்தால் அது அந்தக் காலத்து அச்சு அல்ல. தாளை வார்க்கும்போதே பதியும் நீர்க்குறி தெரிந்தால் எழுதி வையுங்கள். 1794 க்குப் பிந்திய ஆங்கிலத் தாள்களில் நீர்க்குறியோடு ஆண்டும் சேர்ந்து வருவதுண்டு. தாள் அந்த ஆண்டுக்கு முன்னர் செய்யப்பட்டிருக்க முடியாது.

இருட்டில் ஊதா விளக்கைக் காட்டுங்கள். தாள் முழுவதும் பளிச்சென்ற நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் அதில் வெண்மையூட்டும் சாயம் இருக்கிறது. அது 1950 அளவிலிருந்துதான் தாளில் சேர்க்கப்படுகிறது. ஒரு எச்சரிக்கை: சலவைத் தூளிலும் இதே சாயம் உண்டு. சலவைத் தூளில் தோய்த்த துணியில் படத்தைச் சுற்றி வைத்திருந்தால் பழந்தாளிலும் அங்கங்கே ஒளிர்வு ஒட்டியிருக்கும். திட்டுத்திட்டாக ஒளிர்ந்தால் அவசரப்பட்டுப் போலி என்று சொல்லிவிடாதீர்கள்.

தகட்டுத் தடமே இல்லை. போலியா?

அப்படிச் சொல்ல முடியாது. ஓரத்தை வெட்டியிருக்கலாம். பெரிய தகடு என்றால் தடம் தாளின் விளிம்புக்கு வெளியே போயிருக்கலாம். பழுதுபார்க்கும்போது நனைத்து அழுத்தித் தட்டையாக்கியிருக்கலாம். கோட்டின் நுனியும் மையின் உயரமும் சரியாக இருந்தால் தடம் இல்லாததைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

கீழே 1777 என்று செதுக்கியிருக்கிறது. அப்படியானால் 1777 இல் அச்சானதுதானே?

அந்த ஆண்டு தகட்டுக்குரியது. தாளுக்கும் நகரத்துக்கும் வேறு ஆண்டுகள் இருக்கலாம். 1735 இல் நடைமுறைக்கு வந்த ஆங்கிலச் செதுக்கல் காப்புரிமைச் சட்டம், வெளியிட்ட திகதியையும் உரிமையாளரின் பெயரையும் தகட்டிலேயே பொறிக்கச் சொன்னது. ‘பாராளுமன்றச் சட்டப்படி வெளியிடப்பட்டது’ என்ற வரி அதனால்தான் வருகிறது. தகடு விலைபோனால் புதிய உரிமையாளர் பெயரை மட்டும் சுரண்டி மாற்றிவிட்டு, பழைய திகதியோடு பல ஆண்டுகள் அச்சிடலாம்.

மூன்று திகதிகளைத் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள்: நிலத்தை அளந்த ஆண்டு, தகட்டை வெளியிட்ட ஆண்டு, இந்தத் தாளில் அச்சேறிய ஆண்டு. ராட்சரின் நியூயோர்க் படத்தை எடுத்துக்கொள்வோம். தலைப்பிலேயே 1766, 1767 இல் அளந்தது என்று இருக்கிறது. ஜெப்ரிஸ், பேடன் என்ற பெயரில் அது வெளியானது 1776 ஜனவரியில். அதே ஆண்டு செப்டெம்பர் 21 இல் நகரின் மேற்குப் பக்கத்தில் பெரும் பகுதி எரிந்துபோனது. படத்தை வாங்கியவர் அந்த ஆண்டு முடிவில் பார்த்துக்கொண்டிருந்தது, பத்து ஆண்டுக்கு முன் அளந்த, ஒரு பகுதி இல்லாமற்போன ஒரு நகரத்தை. பேடனின் பொஸ்ரன் படமும் அப்படித்தான். அதில் உள்ள அகழிகள் 1775 க்குரியவை. பிரித்தானியப் படை 1776 மார்ச் 17 இல் பொஸ்ரனை விட்டு வெளியேறிவிட்டது. படம் வந்ததோ 1777 இல்.

வெளியீட்டாளரின் பெயரும் திகதி சொல்லும். தோமஸ் ஜெப்ரிஸ் 1771 இல் இறந்துவிட்டார். அவர் பெயரும் பேடன் பெயரும் சேர்ந்து வந்தால் 1770களின் நடுப்பகுதி என்று கொள்ளலாம். பேடன் பெயர் மட்டும் இருந்தால் அதற்குப் பிந்தியது.

பெயர்களுக்குப் பக்கத்தில் வரும் லத்தீன் சுருக்கங்கள் என்ன?

‘டெலின்’ என்றால் வரைந்தவர். ‘ஸ்கல்ப்’ என்றால் செதுக்கியவர். ‘எக்ஸ்குடிற்’ என்றால் வெளியிட்டவர் அல்லது அச்சிட்டவர். மூன்றும் ஒருவராகவே இருப்பதும் உண்டு. ஆங்கிலச் சொற்களின் நடுவே ‘எப்’ எழுத்துப் போலத் தோன்றுவது ‘எஸ்’தான். 1800 அளவில் அது வழக்கொழிந்தது.

வண்ணம் தீட்டியிருப்பது பழையதா?

செப்புத்தகடு தருவது கறுப்புக் கோடு மட்டும். நிறம் பிறகு தூரிகையால் பூசியது. பச்சை இருந்தால் தாளைப் புரட்டிப் பாருங்கள். பழைய செம்புப் பச்சை தாளை அரித்து, பின்பக்கத்தில் அதே வடிவில் பழுப்புக் கறையாக ஊறியிருக்கும். அது பழைய வண்ணத்துக்கு நல்ல சான்று. அந்த இடங்களில் தாள் உடையும் நிலையிலும் இருக்கும் என்பதால் அங்கே மடிக்கவே கூடாது. மடிப்பு வெடித்த பிறகு பூசிய நிறம் வெடிப்புக்குள் கசிந்து கோடாகத் தெரியும். அப்படியானால் நிறம் புதிது. நிறமில்லாத படத்துக்கு ‘அழகுக்காக’ நிறம் தீட்டச் சொல்வோர் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள்.

அளவுத்திட்டத்தில் உள்ள அலகுகளை எப்படி மாற்றுவது?

ஒல்லாந்தப் படங்களில் ‘ரைன்லாந்துக் கோல்’ ஒன்று 3.77 மீற்றர். பிரெஞ்சுப் படங்களில் ‘துவாஸ்’ 1.95 மீற்றர். ஒரு பாகைக்கு 15 என்று கணக்கிடும் ஜேர்மன் மைல் ஏறத்தாழ 7.4 கிலோமீற்றர். படத்தின் அளவுத்திட்டக் கோட்டையே அளந்து கணக்கிடுங்கள். புத்தகத்தில் சொல்லும் விகிதத்தை வைத்துக் கணக்கிட வேண்டாம். ஈரத்தாளில் அச்சிட்டு உலரும்போது தாள் ஒன்று இரண்டு வீதம் சுருங்கும். அதுவும் நீளத்திலும் அகலத்திலும் ஒரே அளவாகச் சுருங்காது. இரண்டு பிரதிகளை அளந்து சில மில்லிமீற்றர் வேறுபாடு வந்தால் திடுக்கிட வேண்டியதில்லை.

பண்டாரவன்னியன் காலத்தில் செதுக்கிய வன்னி நகரப் படம் ஏதாவது உண்டா?

யாழ்ப்பாணம், மன்னார் போன்ற கோட்டை நகரங்களுக்குச் செதுக்கிய படங்கள் உண்டு. வன்னி உட்பகுதி நாட்டுப் படத்தின் ஒரு பகுதியாகத்தான் வரும். நொக்ஸின் 1681 ஆம் ஆண்டுப் படம் வடபகுதியைக் கயிலாய வன்னியனின் நாடு என்று குறிக்கிறது. ஒரு வன்னிபத்தின், அதாவது வன்னிச் சிற்றரசனின் பெயர் ஐரோப்பிய அச்சில் ஏறியிருப்பதால் அந்தத் தாளுக்கு இங்கே தனி மதிப்பு உண்டு.

1803 இல் லண்டனில் வந்த ரொபேர்ட் பெர்சிவலின் நூற்படத்தைப் ‘பண்டாரவன்னியன் போர்க்கால வரைபடம்’ என்று விற்பார்கள். ஆண்டு சரி. உள்ளடக்கம் அந்தப் போரைக் காட்டவில்லை. முல்லைத்தீவுக் கோட்டை தாக்கிப் பிடிக்கப்பட்டது 1803 ஓகஸ்ட் 25 இல். ஒட்டுசுட்டானுக்கு அருகே கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிரிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்ததாக நடுகல் சொல்வது ஒக்ரோபர் 31. கப்பலில் செய்தி லண்டன் போய்ச் சேரவே மாதக்கணக்கு ஆகும். அந்த ஆண்டு அச்சான படத்தில் அவை இருக்க வழியில்லை. பெர்சிவல் 1800 ஆம் ஆண்டுத் தூதுக்குழுவோடு கண்டிக்குப் போனவர், அவர் காட்டுவது அந்த வருடங்களின் இலங்கையை.

அப்படியானால் கிளர்ச்சிக் காலப் படத்தில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது?

இந்தப் படங்களை வரைந்தவர்கள் படைப் பொறியியலாளர்கள், வாங்கியவர்கள் லண்டனிலும் அம்ஸ்ரர்டாமிலும் செய்திக்காகக் காத்திருந்தவர்கள். ஆகவே கரையோரம், நீரின் ஆழம், கோட்டையின் கொத்தளங்கள், பீரங்கி எட்டும் மேடுகள், பாதைகள் இவற்றில் கவனம் அதிகம். பொஸ்ரன் படத்தில் நகரத்தைத் தரையோடு இணைக்கும் ஒடுங்கிய நிலக்கழுத்தும், அதைக் குறுக்கே அடைத்த அரண்களும், கொப்ஸ் குன்றின் பீரங்கி மேடையும் கவனமாக இருக்கும். முற்றுகையிட்ட குடியேற்றவாசிகள் எப்படி உண்டார்கள், எங்கே உறங்கினார்கள் என்பது இருக்காது. பிற்காலத்தில் அந்த நிலக்கழுத்தின் இருபுறமும் கடலை நிரப்பிவிட்டார்கள். இன்றைய பொஸ்ரனை வைத்து அந்தப் படத்தைப் பிழை என்று சொல்லக்கூடாது.

வன்னியைக் காட்டும் படங்களில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். முல்லைத்தீவு, மன்னார், ஆனையிறவு என்று காவல் இருந்த இடங்கள் நிரம்பியிருக்கும். ஒல்லாந்தப் படங்களில் ஆனையிறவுக் கடல்நீரேரியை ஒட்டிப் பாஸ் பைல், பாஸ் பெஷூற்றர் என்ற காவல் அரண்களும் வரும். உள்ளே போகப் போக மரக்குறிகள்தான். குளமும் வயலும் கோயிலும் உள்ள ஊர்கள் அங்கே வெற்றிடமாகவோ காடாகவோ நிற்கின்றன. அந்த வெற்றிடத்தை ‘அப்போது ஆளில்லை’ என்று வாசிப்பது பெரும் தவறு. அளவுகாரரின் சங்கிலி அதுவரை போகவில்லை, அல்லது போகவிடவில்லை. இலங்கை நில அளவைத் திணைக்களமே 1800 ஓகஸ்ட் 2 இல்தான் தொடங்கப்பட்டது. பண்டாரவன்னியன் எழுந்தபோது அதற்கு வயது மூன்று.

ஊர்ப்பெயரை எழுத்துக்கூட்டித் தேடாதீர்கள். ஒரே முல்லைத்தீவு படத்துக்குப் படம் வேறு எழுத்தில் வரும். நந்திக்கடலின் வடிவத்தை முதலில் பிடித்து, அங்கிருந்து பெயரைத் தேடுங்கள். யாழ்ப்பாணப் படங்களில் காரைநகர் அம்ஸ்ரர்டாம் என்றும், வேலணை லெய்டன் என்றும், நெடுந்தீவு டெல்வ்ற் என்றும் இருக்கும். ‘பழைய’ படத்தில் இரணைமடுக் குளம் இன்றைய வடிவில் இருந்தால் அதை 1800க்கு உரியதென்று ஏற்க வேண்டாம். அந்தக் குளம் 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டப்பட்டது.

லமினேற் பண்ணினால் என்ன கெட்டுப்போகும்?

சூட்டில் உருகும் பசை தாளின் நாருக்குள் இறங்கிவிடும். பிறகு பிளாஸ்ரிக்கைப் பிரிக்க முயன்றால் மையும் சேர்ந்து வரும். திரண்டு நின்ற மை உருளையில் நசுங்கித் தட்டையாகும். அதோடு உண்மையான அச்சு என்பதற்கான சிறந்த சான்று அழிந்துவிடுகிறது. ஈரம் உள்ளே அகப்பட்டால் பூஞ்சணமும் உள்ளேயே வளரும். இதற்கு மாற்று, 75 முதல் 100 மைக்குரோன் தடிப்புள்ள தெளிந்த பொலியெஸ்ரர் உறை. தாள் அதனுள் ஒட்டாமல் கிடக்கும், இரண்டு பக்கம் திறந்திருக்கும், எப்போது வேண்டுமானாலும் வெளியே எடுக்கலாம். சாதாரண பீவீசீ உறை வேண்டாம். அது நாளடைவில் ஒட்டுப்பிடித்து மையை உரிக்கும்.

வன்னிக் காலநிலையில் எங்கே, எப்படி வைப்பது?

தட்டையாக, இருட்டில், நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில். இரும்பு அலுமாரியின் நடுத்தட்டு நல்லது. மேற்குச் சுவரை ஒட்டியும், தகரக் கூரைக்கு அடுத்த மேல்தட்டிலும், அடுப்புப் புகை படும் இடத்திலும் வேண்டாம். பொலியெஸ்ரர் உறை கிடைக்காவிட்டால், கஞ்சி போடாத பழைய பருத்தி வேட்டியைச் சலவைத் தூள் இல்லாமல் வெந்நீரில் பலமுறை அலசி உலர்த்திச் சுற்றலாம். சஞ்சிகைத் தாள், பிறவுண் பேப்பர், சாதாரண மட்டை எதுவும் படத்தில் நேரடியாகப் படக்கூடாது. அவற்றிலுள்ள அமிலம் பழுப்பாக இறங்கும்.

சார் ஈரப்பதன் 65 வீதத்தைத் தாண்டி நிலைத்தால் பூஞ்சணத்துக்கு வழி திறக்கும். ஐப்பசியிலிருந்து தை வரை மழை பெய்யும் நாட்களில் இந்த எல்லையைத் தாண்டாத வீடு குறைவு. ஆகவே காலத்தைப் பயன்படுத்துங்கள். சோளகம் வீசும் ஆடி, ஆவணி நாட்களில் தாள் நன்றாக உலர்ந்திருக்கும். அப்போது ஒரு பகல் முழுவதும் நிழலில் விரித்து வைத்து, தூசு படாமல் மூடி, மாலைக்குள் இறப்பர் விளிம்புள்ள பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு அடைத்துவிடுங்கள். மாரியில் அடைத்தால் ஈரத்தையும் சேர்த்துப் பூட்டியதாகும், அது திறந்து வைப்பதைவிட மோசம். இடுக்கு உள்ள அலுமாரியில் சிலிக்கா ஜெல் வைப்பதில் பயனில்லை, ஊர் ஈரம் முழுவதையும் அது குடிக்க முடியாது. நிறம் மாறிய ஜெல்லை 120 பாகைச் சூட்டில் காயவைத்து மீண்டும் பயன்படுத்தலாம். உள்ளே சிறிய ஈரப்பதன்மானி ஒன்றை வைத்தால் பெட்டியைத் திறக்காமலே பார்க்கலாம்.

சுருட்டி வைத்த படம் விரிய மறுக்கிறது.

பலவந்தமாக விரிக்காதீர்கள். காய்ந்த தாள் குறுக்கே வெடிக்கும். இஸ்திரிப் பெட்டி கூடவே கூடாது. மழைக்காலத்து ஈரக்காற்றில் ஓரிரு நாள் விட்டால் தாள் தானாக இளகும். பிறகு ஓரத்திலிருந்து சிறிது சிறிதாக விரித்து, வெள்ளைத் துணியில் சுற்றிய சிறு பாரங்களை வைத்துக்கொண்டு போகலாம். வெடிப்புச் சத்தம் கேட்டால் நிறுத்திவிடுங்கள். விரிக்க இடமில்லாத பெரிய படத்தைச் சுருட்டித்தான் வைக்க வேண்டும் என்றால், குறைந்தது 10 சென்ரிமீற்றர் விட்டமுள்ள குழாயின் வெளிப்புறத்தில், படம் வெளியே பார்க்கச் சுற்றுங்கள். குழாய்க்குள் திணிப்பதால்தான் ஓரங்கள் நசிகின்றன.

பழைய செலோரேப் ஒட்டியிருக்கிறது. உரிக்கலாமா?

வேண்டாம். பிளாஸ்ரிக் நாடா தானாக விழுந்திருந்தால் எடுத்துவிடுங்கள். மஞ்சள் பசைக் கறையைப் பெற்றோல், தின்னர், நெயில் பொலிஷ் நீக்கி எதனாலும் துடைக்காதீர்கள். பசை கரைந்து தாளின் மறுபக்கம் வரை பரவும். கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தின் பேணற் பிரிவிடம் கேட்பதே பாதுகாப்பானது.

சிறு கிழிசலை நாமே ஒட்டலாமா?

ஓரத்தில் ஓர் அங்குலத்துக்குள் உள்ள கிழிசலை ஒட்டலாம். நிறம் பூசிய இடத்தில் தொடவேண்டாம், ஈரத்தில் நிறம் ஓடும்.

பசை காய்ச்சக் கோதுமை மா வேண்டாம். கோதுமை மாவிலிருந்து புரதம் நீக்கிய மாப்பொருள்தான் வேண்டும். புரதம் பூச்சிக்கு உணவு, மஞ்சளாகவும் மாறும். ஒரு பங்கு மாப்பொருளை ஐந்து பங்கு வடித்த நீரில் கரைத்து அரை மணி நேரம் ஊறவிடுங்கள். சிறு தீயில் விடாமல் துழாவி 20 முதல் 30 நிமிடம் காய்ச்சுங்கள். வெள்ளை நிறம் மாறிக் கண்ணாடிபோலத் தெளிந்து, கரண்டியில் தடித்து இறங்க வேண்டும். ஆறியதும் மெல்லிய சல்லடையில் இரண்டு முறை பிழிந்து, நீர் சேர்த்துத் தயிர்ப் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். ஓரிரு நாளில் புளித்துவிடும், புளித்ததைப் பயன்படுத்த வேண்டாம். புத்தகம் கட்டுபவர்கள் பூச்சிக்குப் பயந்து பசையில் துருசு போடுவது வழக்கம். பழந்தாளுக்கு அது நஞ்சு. செம்பு தாளை அரிக்கும்.

கிழிசலின் மேல் ஒட்டும் துண்டுக்கு ஜப்பானியக் கைத்தாளை வெட்டாமல் ஈரக்கோடு போட்டுக் கிழித்தெடுங்கள். அப்போதுதான் விளிம்பில் நார் நீட்டி நிற்கும், ஒட்டிய இடம் மேடாகாது. பசையை மெல்லிதாகத் தடவி, படத்தின் பின்பக்கத்தில் வைத்து, பொலியெஸ்ரர் துணி, ஒற்றுத்தாள், கண்ணாடி, பாரம் என்ற வரிசையில் அடுக்கி ஓர் இரவு விடுங்கள். பசை அதிகமானால் அந்த இடம் உலரும்போது இழுபட்டுச் சுருங்கும். பெரும்பாலான வீட்டுப் பழுதுகள் இதில்தான் கெடுகின்றன.

கறையான், இராமபாணம், கரப்பொத்தான்?

இராமபாணம் தாளின் மேற்பரப்பைச் சுரண்டித் தின்னும், அதனால் ஒழுங்கற்ற மெலிந்த திட்டுகள் உண்டாகும். கறையான் பின்னாலிருந்து வரும். சுவரில் மாட்டிய மரப் பிறேமின் பின்பலகைதான் அதன் வாசல். மாதம் ஒருமுறை பிறேமைக் கழற்றி, சுவரில் மண்குழாய் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பூச்சி மருந்தைத் தாளுக்கோ பெட்டிக்குள்ளோ அடிக்க வேண்டாம். அலுமாரிக் கால்களைச் சுற்றித் துப்புரவாக வைத்திருப்பதும், அறையில் உணவு வைக்காததும், அடிக்கடி திறந்து பார்ப்பதும் மருந்தைவிடப் பலன் தரும். வேப்பிலை வைப்பதானால் நன்றாகக் காய்ந்ததைத் துணியில் கட்டி, தாளில் படாமல் வையுங்கள்.

வெள்ளத்தில் நனைந்துவிட்டது. முதலில் என்ன செய்வது?

48 மணி நேரத்துக்குள் உலரத் தொடங்க வேண்டும், அதற்குப் பிறகு பூஞ்சணம் எழும். நனைந்த தாளைத் தனியாகத் தூக்காதீர்கள், தன் பாரத்திலேயே கிழியும். கீழே ஒரு பிளாஸ்ரிக் விரிப்பைச் செலுத்தி, அதோடு சேர்த்துத் தூக்குங்கள். சேறு ஒட்டியிருந்தால் தேய்க்க வேண்டாம், உலர்ந்த பின் மென்தூரிகையால் நடுவிலிருந்து வெளியே தட்டலாம். ஒற்றுத்தாளையோ வெள்ளைப் பருத்தித் துணியையோ மேலும் கீழும் வைத்து, ஒரு மணிக்கு ஒரு தரம் மாற்றுங்கள். மின்விசிறியைச் சுவரைப் பார்க்கத் திருப்பி அறைக் காற்றை மட்டும் ஓடவிடுங்கள். வெயிலில் போட்டால் தாள் சுருண்டு, நிறம் வெளுக்கும். பூஞ்சணம் ஏற்கெனவே வந்திருந்தால் முகக்கவசம் அணிந்து, மற்றத் தாள்களிலிருந்து விலக்கி, முழுதாக உலர்ந்த பின்பே வெளித் திண்ணையில் தூரிகை போடுங்கள்.

பிறேம் போட்டுச் சுவரில் மாட்டலாமா?

மாட்டலாம், ஆனால் ஆண்டில் மூன்று மாதத்துக்கு மேல் வேண்டாம். மூலத்தை ஸ்கான் செய்து அந்தப் பிரதியை மாட்டுவது எல்லாவற்றிலும் சிறந்தது. மூலத்தையே மாட்டுவதென்றால் கடைக்காரரிடம் நான்கு விடயங்களைக் கேளுங்கள். படம் கண்ணாடியில் படக்கூடாது, இடையே அமிலமில்லாத மட்டைச் சட்டகம் வேண்டும். பின்னால் ஒட்டுப்பலகை கூடாது. படத்தின் ஓரத்தை வெட்டக்கூடாது. தாள் முழுவதையும் பலகையில் ஒட்டக்கூடாது, மேல் ஓரத்தில் இரண்டு கைத்தாள் கீல்கள் போதும். கீழ் மூலைகளில் சிறு இறப்பர் துண்டு ஒட்டினால் சுவருக்கும் பிறேமுக்கும் நடுவே காற்றோட்டம் இருக்கும்.

எப்படிப் படமெடுத்து வைப்பது?

தட்டை ஸ்கானரில் அங்குலத்துக்கு 400 புள்ளி அடர்த்தியில், பகுதி பகுதியாக, ஒன்றின் மேல் ஒன்று சிறிது ஏறும்படி எடுத்து டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். கைபேசி மட்டும் இருந்தால் காலை நேரத் திண்ணை நிழல் நல்ல ஒளி. கைபேசியைத் தாளுக்குச் சமாந்தரமாகப் பிடித்து, ஓரத்தில் அளவுகோல் வைத்து எடுங்கள். முன்பக்கம், பின்பக்கம், ஒளிக்கு எதிரே பிடித்த நீர்க்குறி, பக்கவாட்டு ஒளியில் மை, நான்கு மூலைகள் என்று தனித்தனியாக வேண்டும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. வடக்கில் ஒற்றைப் பிரதியாக எதையும் வைத்திருக்க நமக்கு உரிமையில்லை. ஒரு நகலை வீட்டுக்கு வெளியே வையுங்கள். நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகம் போன்ற பொதுச் சேகரங்களுக்கும் கொடுக்கலாம்.

இன்றைய வரைபடத்தோடு பொருத்திப் பார்க்க முடியுமா?

கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் முடியும். நகரப் படத்துக்கு ஆறு முதல் பத்துப் பொதுப்புள்ளிகள் எடுங்கள். கோட்டைக் கொத்தளத்தின் முனை, கல்லாலான தேவாலயம் போன்ற அசையாத இடங்கள் வேண்டும். கடற்கரையும் ஆற்றுவாயும் இடம்மாறும், அவற்றை நம்ப வேண்டாம். வன்னியைக் காட்டும் நாட்டுப் படத்தில் மன்னார்க் கோட்டை, யாழ்ப்பாணக் கோட்டை போன்றவை பிடிமானம் தரும், கட்டுக்கரைக் குளம் உதவலாம். உட்பகுதியில் கிலோமீற்றர் கணக்கில் பிழை வரும். அந்தப் பிழையை இழுத்துச் சரிப்படுத்தி மறைக்காமல் அப்படியே காட்டுங்கள். அளவுகாரர் எங்கே போனார், எங்கே கேள்விப்பட்டதை வரைந்தார் என்பது பிழையின் அளவில்தான் தெரியவரும்.

விற்கவோ வெளிநாட்டு உறவினருக்கு அனுப்பவோ விரும்பினால்?

நாட்டுக்குள் கைமாறும் முன் மேலே சொன்ன படங்களையும் அளவுகளையும் பதிந்து வையுங்கள். வெளிநாட்டுக்கு அனுப்புவது வேறு விடயம். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டமும், 1988 ஆம் ஆண்டின் 73 ஆம் இலக்கக் கலாசார ஆதனச் சட்டமும் பழம்பொருள் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்துகின்றன. பொதிசெய்யும் முன் தொல்பொருள் திணைக்களத்திடம் எழுத்தில் கேட்டு, அனுமதி பெறுங்கள். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த படம் என்றால் வாங்கிய பற்றுச்சீட்டைப் படத்தோடு ஒட்டாமல், தனி உறையில், அதே பெட்டியில் வையுங்கள். திரும்பக் கொண்டுபோகும் நாளில் அது எப்போது நாட்டுக்குள் வந்தது என்று காட்ட அந்தச் சீட்டு தேவைப்படும்.